பலவீனமான தடுப்பாளர் எதிரே வந்துவிட்டார். அடுத்து என்ன செய்வது?

2016 ஜூன் 19 அன்று ஓக்லாந்தின் ஆரக்கிள் அரங்கில் நடந்த, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயின் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், முடிவதற்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் இருக்கையில் 89-89 என்று சமநிலையில் நின்றது. கிளீவ்லாந்து கவாலியர்ஸ் அணியின் கைரி இர்விங்கிடம் பந்து இருந்தது. அவரைக் காத்து நின்றவர் எதிரணியான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் கிளே தாம்ப்சன். உயரமும் கால்வேகமும் பொறுமையும் ஒருங்கே அமைந்த தேர்ந்த தடுப்பாளர். சற்றுத் தள்ளி இர்விங்கின் சகா ஜே.ஆர். ஸ்மித்தை வாரியர்ஸின் ஸ்டெஃபன் கரி காத்துக்கொண்டிருந்தார். ஸ்மித் மேலேறி வந்து ஸ்கிரீன் வைத்தார், அதாவது தாம்ப்சனின் வழியை உடம்பால் மறித்து நின்றார். தாம்ப்சன் ஸ்மித்தோடு போக, கரி இர்விங்கின் முன் வந்து நின்றார். இர்விங் பந்தைத் தட்டித் தட்டி இடம் பார்த்து, வலப்பக்கமாக விலகி, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தார். 53 வினாடிகள் மீதமிருக்க ஆட்டம் 92-89 ஆனது.

அடுத்த தாக்குதலில் வாரியர்ஸ் அணியும் இதே காரியத்தைத்தான் செய்தது. வெளிவட்டத்தில் பந்தை நடத்தும் வேகமான கார்டுகளைத் தடுக்கத் தடுமாறுவார் என்று பெயரெடுத்திருந்த கிளீவ்லாந்தின் பெரிய உடம்புக்காரர் கெவின் லவ், தடுப்பாளர்கள் ஆள் மாற்றிக்கொள்ளும் சுவிட்ச் காரணமாகக் கரியின் முன் வந்துவிட்டார். கரி இடமும் வலமும் அசைத்துப் பார்த்தார். ஒருமுறை பந்தைச் சகா டிரேமண்ட் கிரீனிடம் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார். லவ் காலை விடாமல் நகர்த்தி ஒட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் நீட்டிய கைக்கு மேலாகக் கரி எறிந்த மூன்று புள்ளி எறிதல் கூடைக்குள் விழவில்லை. அந்தப் பருவத்தில் 73 ஆட்டங்களை வென்றிருந்த வாரியர்ஸ், 93-89 என்று கோப்பையை இழந்தது.

இரண்டு அணிகளும் தாம் விரும்பிய தடுப்பாளரைத் தாம் விரும்பிய இடத்துக்கு வரவழைத்துவிட்டன. கூடைப்பந்தில் மிஸ்மேட்ச் என்று சொல்லப்படும் இந்தப் பொருந்தா இணையை உண்டாக்குவது இன்று அரிய கலையாக இல்லை. பலவீனமான தடுப்பாளர் யாரைக் காக்கிறாரோ அவரையே ஸ்கிரீன் வைக்கச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடுகிறது. கடினமான முடிவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கிடைத்த சாதகத்தை எந்த வழியில் புள்ளியாக மாற்றுவது? நான் பார்த்த அளவில் நான்கு வழிகள் இருக்கின்றன: வெளிவட்டத்திலேயே ஒற்றைக்கு ஒற்றையாக மோதுவது, குள்ளமான தடுப்பாளரைக் கூடையடிக்கு இழுத்துச்சென்று முதுகால் அமர்த்திப் போஸ்ட்டில் ஆடுவது, சுவிட்ச் முடிவதற்குள்ளேயே ஸ்கிரீன் வைத்தவர் நழுவி ஓடுவது, பலவீனமான தடுப்பாளரைத் தூண்டிலாக மட்டும் வைத்து, அவருக்கு உதவ வருகிறவரின் ஆளுக்குப் பந்தைக் கொடுப்பது. இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. பந்து வைத்திருப்பவர், அவரைக் காப்பவர் என்ற இருவரையும் விட்டுவிட்டு, உதவிக்கு வரக்கூடிய மூன்றாவது தடுப்பாளர் எங்கே நிற்கிறார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். இந்தக் கட்டுரை முழுவதும் நான் வற்புறுத்த விரும்புவது அந்த மூன்றாமவரைத்தான்.

மூன்றாமவருக்கு இவ்வளவு முக்கியத்துவம் வந்ததற்கு விதிகளே காரணம். 2001-02 பருவத்துக்கு முன்பு என்பிஏயில் தடுப்பாளர்கள் தத்தம் ஆளை விட்டு விலகி நிற்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. ஆகவே ஒருவர் ஒரு பக்கமாகப் பந்தோடு நின்றால், மற்றவர்கள் மறுபக்கத்துக்குத் தத்தம் தடுப்பாளர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட முடிந்தது, மோதல் உண்மையிலேயே இருவருக்கிடையே நடந்தது. அந்தப் பருவத்திலிருந்து, ஆளைக் காக்காமல் இடத்தைக் காக்கும் ஸோன் தடுப்பு அனுமதிக்கப்பட்டது. தன் ஆளை நெருங்கிக் காக்காத தடுப்பாளர் கூடையடியில் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற ஒரே வேலி மட்டும் போடப்பட்டது. அதன் பிறகு ஒற்றைக்கு ஒற்றை என்பது பெயரளவில்தான். பந்து வைத்திருப்பவருக்கு எதிரே ஒருவர் நின்றாலும், அவருக்குப் பின்னால் ஒரு அடி முன்னும் ஒரு அடி பின்னுமாக இன்னும் இருவர் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் வழியான ஒற்றை மோதலுக்கு உள்ள பெரிய நன்மை, அது பந்தைப் பாதுகாக்கிறது என்பதே. பாஸ் குறைவாக இருப்பதால் பந்து பறிபோகும் வாய்ப்பும் குறைவு. பதற்றமான கடைசி நிமிடங்களில் பயிற்சியாளர்கள் இதை நாடுவதற்கு அது நியாயமான காரணம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் எல்லை தெரிந்துவிடும். என்பிஏ அணிகள் ஒரு தாக்குதலுக்குச் சராசரியாக ஒரு புள்ளிக்குச் சற்றே அதிகமாக எடுக்கின்றன. மூன்று புள்ளிக் கோட்டுக்குச் சற்று உள்ளே இருந்து எறியும் நீண்ட இரண்டு புள்ளி எறிதல் 40 விழுக்காடு விழுந்தாலும் ஒரு எறிதலுக்கு 0.8 புள்ளிதான் தேறும். மூன்று புள்ளி எறிதல் 35 விழுக்காடு விழுந்தால் 1.05 தேறும். ஆகவே பலவீனமான தடுப்பாளர் எதிரே இருந்தும், ஆட்டக்காரர் கடைசியில் பின்வாங்கி ஒரு நீண்ட இரண்டு புள்ளி எறிதலைத்தான் எடுக்கிறார் என்றால், அந்தச் சாதகத்தை அவர் வீணடித்துவிட்டார் என்றே பொருள். அவரைக் கூடை வரை போகவிடாமல் அந்த எறிதலுக்குள் தள்ளுவது எதிரே நிற்கும் பலவீனமான ஆள் அல்லர். பின்னால் நிற்கும் மூன்றாமவர்.

இந்த வழியை யாரைக் காட்டிலும் தீவிரமாகப் பின்பற்றிய அணி 2017-18 பருவத்தின் ஹூஸ்டன் ராக்கெட்ஸ். மைக் டி'அன்டோனியின் பயிற்சியில் 65 ஆட்டங்களை வென்ற அந்த அணி, ஜேம்ஸ் ஹார்டனையும் கிறிஸ் பாலையும் வைத்து எதிரணியின் பலவீனமான தடுப்பாளரைத் தேடித்தேடி வெளியே இழுத்தது. மேற்குப் பிரிவு இறுதித் தொடரில் வாரியர்ஸுக்கு எதிராக 3-2 என்று முன்னிலையும் பெற்றது. ஐந்தாவது ஆட்டத்தில் பாலுக்குத் தொடைத் தசையில் காயம் பட்டதால் பிறகு அவர் ஆடவில்லை. மே 28 அன்று சொந்த ஊரில் நடந்த ஏழாவது ஆட்டத்தின் முதல் பாதியில் 54-43 என்று முன்னிலையில் இருந்த ராக்கெட்ஸ், இரண்டாம் பாதியில் 38 புள்ளிகள் மட்டுமே எடுத்து 101-92 என்று தோற்றது. மூன்று புள்ளி எறிதல்கள் 44இல் 7தான் விழுந்தன; நடுவில் 27 எறிதல்கள் தொடர்ச்சியாகத் தவறின. அவற்றில் பல நல்ல எறிதல்கள் என்பதையும், அன்று அதிர்ஷ்டமும் கைவிட்டது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆயினும் கரியைத் தாண்டி உள்ளே போனால் அங்கே கிரீன் காத்திருப்பார் என்பது தெரிந்த கதை. 2017இல் லீக்கின் சிறந்த தடுப்பாளர் விருது பெற்ற அவர், தன் ஆளை விட்டுவிட்டு வருவதா வேண்டாமா என்பதைக் கடைசிக் கணத்தில் முடிவு செய்வதில் கைதேர்ந்தவர். ஓட்டமில்லாமல் மூலைகளில் நிற்கும் சகாக்களைக் காப்பது அத்தகைய ஒருவருக்கு எளிது. ஓடிக்கொண்டிருப்பவர்களைக் காப்பதுதான் கடினம்.

இரண்டாவது வழியான போஸ்ட் ஆட்டத்தைப் பழங்காலத்து ஆட்டம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2023 ஜூன் 1 அன்று டென்வர் நகெட்ஸுக்கும் மயாமி ஹீட்டுக்கும் இடையே நடந்த இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தின் முதல் கால்பகுதியை மட்டும் எடுத்துப் பார்த்தாலே போதும். ஆறடி எட்டு அங்குல உயரமும் கட்டுமஸ்தான உடலும் கொண்ட ஆரன் கோர்டனுக்கு எதிராக அவரைவிடச் சிறிய ஆட்டக்காரர்களை நிறுத்துவதைத் தவிர அன்றைய மயாமிக்கு வழியில்லை. அவர்களின் தொடக்க ஐவரில் நிஜமான பெரிய ஆள் பாம் அடெபாயோ ஒருவர்தான், அவரோ நிகோலா யோக்கிச்சைக் காக்க வேண்டியிருந்தது. கோர்டன் அன்று எடுத்த 16 புள்ளிகளில் 12ஐ முதல் கால்பகுதியிலேயே எடுத்துவிட்டார். டென்வர் 104-93 என்று வென்றது.

இங்கே உற்றுப் பார்க்க வேண்டியது கோர்டனின் வலிமையைக் காட்டிலும் யோக்கிச் நின்ற இடத்தை. யோக்கிச், ஃபவுலுக்குப் பிறகு தனி எறிதல் எடுக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டின் பக்கமோ அதற்கும் வெளியிலோ பந்தோடு நிற்கும்போது, அவரைக் காக்கும் அடெபாயோவும் கூடையை விட்டு அங்கே வந்தாக வேண்டும். உதவிக்கு வரக்கூடிய ஒரே பெரிய ஆள் இவ்வாறு வெளியே இழுக்கப்பட்டுவிட்டதால், கோர்டன் கூடையடியில் சிறியவரை முதுகால் அடைத்துக் கையை உயர்த்தினால் போதும். பந்து மேலிருந்து வந்து விழும். சிறிய தடுப்பாளர் முன்னால் வந்து மறித்தாலும், அவருக்குப் பின்னால் யாரும் இல்லாததால் தலைக்கு மேல் தூக்கிப் போடும் பாஸ் வேலை செய்துவிடும். இதே கோர்டனை, யோக்கிச் கூடையருகே நிற்கும்போது போஸ்ட்டில் அமர்த்தினால், இரண்டு தடுப்பாளர்களும் ஒரே இடத்தில் கூடிவிடுவார்கள், சாதகம் கரைந்துவிடும்.

போஸ்ட் வழிக்கு நேரம் இன்னொரு நிபந்தனை. கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஃப்ரீ த்ரோ கோட்டுக்குக் கீழே ஐந்து வினாடிக்கு மேல் தட்டிக்கொண்டே தள்ளிப் போகக் கூடாது என்று 1999-2000 பருவத்தில் என்பிஏ விதி கொண்டுவந்தது. ஆகவே மெதுவாக முட்டிமுட்டி உள்ளே போகலாம் என்ற எண்ணம் பலிக்காது. பந்து கைக்கு வரும்போதே கூடையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் இருந்தாக வேண்டும். அதற்குத் தாக்குதல் தொடங்கிய முதல் ஆறேழு வினாடிக்குள், தடுப்பு முழுதும் ஒழுங்குபடுவதற்கு முன்பே, ஓட்டத்தோடு வந்து அடைத்து நிற்பதே நல்லது. எறிவதற்குள்ள நேரத்தைக் காட்டும் ஷாட் கிளாக்கில் எட்டு வினாடி மட்டும் இருக்கும்போது போஸ்ட்டுக்குப் பாஸ் தேடுவதை நான் பெரும்பாலும் தவறான முடிவாகவே கருதுகிறேன்.

எதிரணியின் பதிலையும் சொல்லாவிட்டால் ஒப்பீடு முழுமையாகாது. இரண்டாவது ஆட்டத்தில் மயாமியின் பயிற்சியாளர் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா, முன்பு கரியைத் தடுத்த அதே கெவின் லவ்வைத் தொடக்க ஐவரில் சேர்த்தார். கோர்டனுக்கு எதிரே இப்போது ஒரு பெரிய உடம்பு வந்துவிட்டது. யோக்கிச் 41 புள்ளிகள் எடுத்தும் மயாமி 111-108 என்று வென்றது. தொடரை டென்வர் 4-1 என்று கைப்பற்றியது என்றாலும், ஒரு பொருந்தா இணை எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதை அந்த ஒரு மாற்றம் காட்டுகிறது. சுவிட்ச் மூலம் கிடைப்பது சில வினாடிச் சாதகம். ஐவரின் அமைப்பினால் கிடைப்பது ஓர் ஆட்டம் வரை நீடிக்கும் சாதகம். இரண்டையும் ஒன்றாக எண்ணித் திட்டமிடக் கூடாது.

மூன்றாவது வழி, சுவிட்சை ஏற்றுக்கொள்ளாமலேயே அதைத் தண்டிப்பது. தடுப்பாளர்கள் இருவரும் ஆள் மாற்றிக்கொள்ளத் தயாராகும் அந்த அரை வினாடியில், ஸ்கிரீன் வைக்க வந்தவர் உடம்பை ஊன்றாமல் நழுவிக் கூடையை நோக்கி ஓடிவிட்டால், அவருக்கும் கூடைக்கும் நடுவே யாரும் இருக்க மாட்டார்கள். எறியக்கூடியவராக இருந்தால் அவர் வெளிப்பக்கமாகவும் நழுவலாம். எல்லா ஸ்கிரீனுக்கும் சுவிட்ச் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட அணிக்கு எதிராக இதைப்போல எளிதாகப் புள்ளி தரும் வழி வேறில்லை. இன்னொரு வகையிலும் இது உதவுகிறது. தங்கள் பலவீனமான தடுப்பாளரை மாற்றிவிட விரும்பாத அணிகள், அவரை ஒரு கணம் பந்தின் முன் காட்டிவிட்டு உடனே தன் ஆளிடம் திரும்ப ஓடச் சொல்கின்றன. கரியை இப்படிப் பாதுகாக்க வாரியர்ஸ் பலமுறை முயன்றிருக்கிறது. அந்த ஒரு கணத்தில் பந்தின் அருகே இரண்டு தடுப்பாளர்கள் இருப்பதால், மற்ற இடங்களில் நால்வருக்கு மூவர் என்ற கணக்கு ஆகிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால் தாக்குதலில் இதே கணக்கை வைத்துப் பிழைத்த அணியும் வாரியர்ஸ்தான்: எதிரணி இரண்டு பேரைக் கரிமீது ஏவும்போது பந்து கிரீனிடம் போகும், அவர் நடுவில் நின்று நால்வருக்கு மூவர் என்று முன்னேறுவார். இந்த வழியின் குறை, அது பாஸ் கொடுப்பவரின் கண்ணையும் கையையும் முழுக்க நம்பியிருக்கிறது என்பது. அரை வினாடி தாமதித்தால் பந்து எதிரணியின் கையில் இருக்கும்.

நான்காவது வழிதான் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது. 2024 இறுதித் தொடரில் பாஸ்டன் செல்டிக்ஸ், டாலஸ் மேவரிக்ஸின் லூக்கா டான்சிச்சைத் தொடர்ந்து குறிவைத்தது. தாக்குதலில் அவர் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். தடுப்பில் பக்கவாட்டு நகர்வு குறைவு. ஜேசன் டேட்டமும் ஜேலன் பிரவுனும் அவரை நோக்கி ஓட்டிச் சென்றார்கள். பாஸ்டனின் அன்றைய சென்டர்களான, அதாவது வழக்கமாகக் கூடையருகே ஆடும் பெரிய ஆட்டக்காரர்களான அல் ஹார்ஃபோர்டு, கிறிஸ்டாப்ஸ் போர்ஜிங்கிஸ் இருவரும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறியக்கூடியவர்கள் என்பதால், டாலஸின் பெரிய தடுப்பாளர் கூடையடியில் நிற்க விரும்பினால் ஓர் எறிகாரரைத் தனியே விட வேண்டியிருந்தது. இரண்டாவது ஆட்டத்தில் டேட்டம் எறிந்த 22இல் 6தான் விழுந்தன. எண்ணை மட்டும் பார்த்தால் மோசமான நாள். ஆனால் சகாக்கள் புள்ளியெடுக்க வழிசெய்யும் பாஸ், அதாவது அசிஸ்ட், அன்று அவர் கொடுத்தது 12. உதவிக்கு வந்தவர்கள் விட்டுச்சென்ற இடங்களில் நுழைந்த ஜ்ரூ ஹாலிடே 14 எறிதல்களில் 11ஐ உள்ளே போட்டு 26 புள்ளிகள் எடுத்தார். பாஸ்டன் 105-98 என்று வென்றது. பலவீனமான தடுப்பாளரைத் தாக்கியவர் டேட்டம், புள்ளியெடுத்தவர் ஹாலிடே. பொருந்தா இணையின் பயன் அந்த இணைக்கு வெளியே விளைந்தது.

குறிவைக்கப்படுகிறவர் எதிரணியின் முதன்மை ஆட்டக்காரராகவும் இருந்தால் இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கூடுதல் ஆதாயம் உண்டு. அதே தொடரின் மூன்றாவது ஆட்டத்தில், நான்காம் கால்பகுதித் தொடக்கத்தில் 21 புள்ளி பின்தங்கியிருந்த டாலஸ் ஒரு புள்ளி வித்தியாசத்துக்கு நெருங்கி வந்தது. 4 நிமிடம் 12 வினாடி மீதமிருக்கையில் டான்சிச் ஆறாவது ஃபவுலோடு வெளியேறினார். பாஸ்டன் 106-99 என்று வென்றது. தடுப்பில் ஓயாமல் சோதிக்கப்படுகிறவர் ஃபவுலும் சேர்க்கிறார், மூச்சும் இழக்கிறார். இரண்டும் மறுமுனையில் அவருடைய ஆட்டத்தைக் குறைக்கின்றன. இந்த ஆதாயம் அந்தத் தாக்குதலின் புள்ளிக் கணக்கில் தெரியாது என்பதால், முதல் கால்பகுதியிலேயே பொறுமையாகத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது முதலில் சொன்ன கரியின் எறிதலுக்குத் திரும்பலாம். மூன்று புள்ளி பின்தங்கியிருந்தபோது அவர் மூன்று புள்ளி எறிதலையே தேடியது புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் லவ்வுக்கு அப்போது ஒரே ஒரு வேலைதான் இருந்தது: உள்ளே போனால் போகட்டும் என்று விட்டு, எறியும் கையை மட்டும் விடாமல் துரத்துவது. வேகத்தில் தோற்கும் பெரிய தடுப்பாளருக்கு இதைவிட வசதியான நிலை அமையாது. அந்தக் கணத்தில் கரி உள்ளே பாய்ந்திருந்தால், உதவிக்கு வருகிறவர் தன் ஆளை விட்டிருப்பார், அல்லது விரைவான இரண்டு புள்ளி கிடைத்து ஆட்டம் ஒரு புள்ளி வித்தியாசத்தில் தொடர்ந்திருக்கும். பார்வையாளர் இருக்கையிலிருந்து இதைச் சொல்வது எளிது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் ஒரே சாதகம் எறிதலின் வகையைப் பொறுத்துச் சாதகமாகவோ பாதகமாகவோ மாறுவதை அந்த 53 வினாடிகளைப் போல வேறெதுவும் காட்டியதில்லை.

நம் ஊர்க் கல்லூரி, மாவட்ட ஆட்டங்களுக்கு இந்த ஒப்பீட்டைக் கொண்டுவரும்போது ஒரு பெரிய வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கே ஆடப்படுவது சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகளின்படி. அதில் தடுப்பாளருக்கு மூன்று வினாடிக் கட்டுப்பாடு கிடையாது. எதிரணியின் சென்டர் விரும்பினால் கூடையடியிலேயே குடியிருக்கலாம். எறிகாரர்களும் குறைவு என்றால் அவர் வெளியே வருவதற்குக் காரணமே இல்லை. அத்தகைய தடுப்புக்கு எதிராக, என்பிஏ காணொளிகளைப் பார்த்து ஒற்றை மோதலைப் பழக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் ஆளைத் தாண்டும் நம் கார்டு இரண்டாவது ஆளின் நெஞ்சில்தான் போய் முட்டுவார். நல்ல எறிகாரர் இருவராவது இருந்தால் நான்காவது வழியைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லையென்றால், எதிரணியின் தவறிய எறிதலில் ரீபவுண்ட் எடுத்தவுடன் ஓடி, அந்தச் சென்டர் திரும்பி வந்து சேர்வதற்கு முன்பே சிறிய தடுப்பாளரைக் கூடையடியில் அடைத்து நிற்கும் போஸ்ட் வழியே உகந்தது. நழுவல் வழியை, பாஸ் கொடுக்கத் தெரிந்த ஒரு கார்டு உருவாகும் வரை ஒத்திவைக்கலாம்.

நான் பழக்கும் பிள்ளைகளுக்கு இதற்காக ஒரே ஒரு பயிற்சிதான் கொடுக்கிறேன். மூவருக்கு மூவராக நிற்க வைத்து, ஸ்கிரீன் வைத்து சுவிட்ச் ஆனதும், பந்து வைத்திருப்பவர் முதல் தட்டு தட்டுவதற்கு முன்பு மூன்றாவது தடுப்பாளர் நிற்கும் இடத்தை உரக்கச் சொல்ல வேண்டும்: "கோட்டுக்கு வெளியே!", "கூடையடி!", "பாதி வழி!" வெளியே என்றால் ஓட்டிக்கொண்டு உள்ளே போகலாம், கூடையடி என்றால் அவர் விட்டுவந்த ஆளுக்குப் பாஸ், பாதி வழி என்றால் ஒரு பொய் அசைவு காட்டி, அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்துவிட்டு அடுத்ததை முடிவு செய்யலாம். முதல் வாரம் கத்துவதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு எல்லோரும் எதிரே நிற்பவரையே பார்த்தார்கள். மூன்றாவது வாரத்தில் ஒரு பெண், சுவிட்ச் ஆகிக்கொண்டிருக்கும்போதே, எதிரே யார் வந்து நிற்கிறார் என்றுகூடப் பாராமல், "கூடையடி!" என்று கத்திக்கொண்டே இடது மூலைக்குப் பந்தை வீசினாள், அங்கே நின்றவள் எறிவதற்குத் தயாராகக் கையை விரித்து வைத்திருந்தாள்.